முந்தின இரவின் சமையல்

இன்றைய பேச்சை இரண்டு அச்சுகளிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று இடியாப்பம் பிழியும் அச்சு. மற்றது கொங்கு நாட்டில் சந்தகை பிழியும் அச்சு. தட்டில் வந்து விழுந்த பிறகு இரண்டும் வெள்ளை நூல்தான். வெளியூர்க்காரர் பார்த்தால் வேறுபாடு சொல்ல மாட்டார். அடுப்படியில் நின்று பார்த்தால் இரண்டும் நேர்த் தலைகீழ். இடியாப்பத்துக்குப் பச்சரிசியை மாவாக்கி வறுத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, பிழிந்த பிறகு ஆவியில் வைக்கிறோம். சந்தகைக்குப் பெரும்பாலும் புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, அந்த மாவை இட்லிபோல முதலில் வேகவைத்து, கை பொறுக்காத சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிகிறோம். ஒன்றில் பிழிந்த பின் வேக்காடு. மற்றதில் வெந்த பின் பிழிசல். சூடு ஆறிவிட்டால் சந்தகை இறங்காது. அதனால்தான் அந்த அச்சு மூன்று காலில் நிற்கிறது. மேலே திருகும் கைப்பிடி இருக்கிறது. ஒருவர் திருக இன்னொருவர் தட்டை ஏந்த வேண்டியிருக்கிறது. இடியாப்பத்தை ஒருவரே உட்கார்ந்து பிழிந்துவிடலாம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொருந்தும். எலுமிச்சை பிழிந்து தாளித்தாலும் இரண்டும் ஏற்கும். உண்பவருக்கு ஒரே உணவாகத் தெரிவது சமைப்பவருக்கு இருவேறு உணவு.

வட்டார உணவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் உண்பவர் பக்கம் நின்றே எழுதுகிறார்கள். மதுரையில் இட்லிக்கு எத்தனை சட்னி, கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா, சைதாப்பேட்டையில் வடகறி என்று தொடுகறிகளின் பட்டியல் நீளும். அவை உண்மைதான், ஆனால் அவை மேல்பூச்சு. நான் சொல்ல வருவது இது: ஒரு வட்டாரத்தின் காலை உணவை முடிவு செய்தது நாக்கு மட்டுமன்று. அந்த மண்ணில் விளைந்த தானியத்தை விடிவதற்குள் உண்ணும் பதத்துக்குக் கொண்டுவர முந்தின நாளே என்ன செய்யவேண்டியிருந்தது என்பதுதான் அதை முடிவு செய்தது. வெயில் ஏறுமுன் வயலில் இறங்கவேண்டிய வீட்டில் காலையில் அடுப்பு மூட்ட நேரமும் இல்லை, விறகும் மிச்சமில்லை. அதனால் நம் காலை உணவில் பெரும்பகுதி மாலையிலோ இரவிலோ சமைத்து, ஊறவிட்டு, புளிக்கவிட்டு, விடிந்ததும் கரைத்துக் குடித்ததாக இருந்தது. வேறுபாட்டைத் தேடவேண்டிய இடம் அந்த இரவுதான்.

கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். வட மாவட்டங்களில் கேழ்வரகு, தெற்கே கேப்பை, கொங்கில் ராகி, இலங்கையில் குரக்கன் என்று பெயர் மாறும் இந்தத் தானியம் கடுகளவே இருக்கும். அதன் செந்நிற மேல்தோல் மணியோடு ஒட்டிக்கிடக்கிறது. நெல்லைக் குத்தி அரிசி எடுப்பதுபோல இதைக் குத்தித் தோலை நீக்க முடியாது. ஆகவே கேழ்வரகுச் சோறு என்று ஒன்று வழக்கத்தில் வரவில்லை. மாவாக்கித்தான் தீரவேண்டும், மாவானால் களி, கூழ், அடை, புட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டு நிலங்களில் மழையை மட்டும் நம்பி இது விளைந்தது. பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால் மழை பொய்த்த ஆண்டுக்கும் இதுவே காப்பாக இருந்தது. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி வெந்துகொண்டிருக்கும் பானையில் ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் இறக்கி மூடிவைப்பார்கள். மறுநாள் காலையில் அதில் ஒரு கை அள்ளி, மோரோ நீரோ விட்டுக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்தோடும் மோர்மிளகாயோடும் குடிப்பார்கள். அடுப்பு தேவையில்லை; வயலுக்குத் தூக்கில் கொண்டுபோகலாம்; உச்சிவரை பசி தாங்கும். அந்த மணியின் தோலும், அந்த மண்ணின் மழையும், அந்த வீட்டின் வேலைநேரமும் கூடிச் செய்த உணவு அது.

கம்பின் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் 'சிறுதானியம்' என்று சொல்லிவிடுவதால் அந்த வேறுபாடு நமக்குத் தெரியாமலே போகிறது. கம்பின் முளைப்பகுதியில் எண்ணெய்ச் சத்து மிகுதி. அரைத்த மாவு சில நாட்களிலேயே காறிக் கசந்துவிடும். கேழ்வரகு மாவைப்போலப் பானையில் நிரப்பி வைத்துக்கொண்டு எடுத்துப் புழங்க முடியாது. ஆகவே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் வீடுகளிலும் கொங்கின் மானாவாரி ஊர்களிலும் கம்பை அன்றன்றைக்கே இடித்தார்கள். மணியில் நீர் தெளித்துப் பிசிறி, உரலிலிட்டு உலக்கையால் மெதுவாகக் குத்தினால் மேல்தோல் கழன்று வரும். முறத்தில் புடைத்து அதை நீக்கி, மீண்டும் குத்திக் குருணையாக்கி, கொதிக்கும் உலையில் இட்டுக் கிண்டினால் கம்பஞ்சோறு. இரவில் அதை உருண்டை பிடித்து நீரில் போட்டுவைப்பார்கள். காலையில் உருண்டை சோறு. உருண்டை கிடந்த நீர் குடிநீர். ஒரே இரவில் இரண்டு உணவு. உலக்கைச் சத்தம் ஊரில் தினமும் கேட்டதற்குக் காரணம் அந்த மணிக்குள் இருந்த எண்ணெய். கரிசல்காட்டுப் பெண்ணின் மாலைப்பொழுதைத் தருமபுரிப் பெண்ணின் மாலைப்பொழுதிலிருந்து பிரித்துக்காட்டியது இதுதான். ருசியில் தொடங்கி ஆராய்பவருக்கு இந்த வேறுபாடு அகப்படாது.

இப்போது காவிரிப் படுகைக்கு வருவோம். அங்கே இரவுச் சோற்றில் நீர் ஊற்றினால் காலையில் பழையது. அதன் தெளிவு நீராகாரம். புழுங்கலரிசி இரவெல்லாம் நீரில் கிடந்தாலும் குழையாமல் நிற்கும். அந்தப் படுகையில் இன்னொரு வழக்கமும் உண்டு. சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள். தனி உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை; மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியும் போதும். நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் அடுத்தடுத்து வரும் இணை. அந்த இரண்டையும் ஊறவைத்து ஆட்டிக் கலந்தால் இட்லி மாவு. இட்லியும் தோசையும் தமிழகம் முழுமைக்குமான பொது உணவாக இன்று நமக்குத் தோன்றுகின்றன. என் பார்வையில் அவை நன்செய் நிலத்தின் இயல்போடு பொருந்திய வட்டார உணவுகள்; பிற்காலத்தில் எல்லா நிலங்களுக்கும் பரவின. உளுந்து விளையாத, நெல் காணாத மேட்டுநிலத்து வீட்டில் தீபாவளிக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் மட்டுமே இட்லி அவிந்தது என்று மூத்த தலைமுறை சொல்வதற்கு ஏழ்மை ஒரு காரணம்தான். அவர்கள் நிலத்தில் அந்த இணை இல்லை என்பதும் காரணம்.

இட்லி பழமையானதாயிற்றே, அதை எப்படிப் பின்னாளில் பரவியது என்று சொல்லலாம் என ஒரு மறுப்பு எழும். பழமையானதுதான். கன்னட நூலான வட்டாராதனை, ஏறக்குறைய கி.பி. 920இல், இட்டலிகெ என்ற உணவைக் குறிப்பிடுகிறது. 1025ஐ ஒட்டிய லோகோபகாரம் அதன் செய்முறையையே தருகிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த்தெளிவும் மிளகு முதலிய சரக்குகளும் சேர்ப்பது. உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சய்யா சுட்டிக்காட்டியபடி, அந்தப் பழைய குறிப்புகளில் அரிசி இல்லை. அரிசியும் உளுந்தும் சேர்ந்து இரவெல்லாம் புளித்த இன்றைய இட்லி பின்னால் வந்தது. அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பண்டம் ஏட்டில் பழமையாக இருப்பது வேறு, ஊரார் தினமும் உண்பது வேறு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைத்து எடுப்பது. உழவர் வீட்டில் விடியற்காலையில் அதற்கு எரிக்க விறகு ஏது? அது படையல், நம் மரபின் பெருமைகளில் ஒன்று. ஊர்க்காலை உணவுக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

தெற்கே குமரி மாவட்டத்தில் நெல்லோடு தென்னையும் பனையும் சேர்கின்றன. மாவைப் பொங்கவைக்க அங்கே கள் இருந்தது. அரிசி மாவில் கள் சேர்த்தால் சில மணி நேரத்தில் நுரைத்து ஆப்ப மாவாகும். உளுந்து செய்யும் வேலையை மரம் செய்தது. புட்டுக்குத் தேங்காய்த் துருவல், உடன் சிறுபயறும் பப்படமும். இவற்றோடு மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் பசியை ஆற்றியது அதுதான். 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. வேகவைத்த கிழங்கும் மீன்குழம்பும் அதோடு வந்தன. 'பாரம்பரியம்' என்று நாம் சொல்லும் ஓர் உணவுக்கு ஆட்சியும் போரும் எல்லைக்கோடும் எவ்வளவு காரணமாக இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாரம்பரியம் என்ற சொல்லை இதனால் கைவிடவேண்டும் என்று நான் கருதவில்லை. வந்த கிழங்கை அந்த மக்கள் தங்கள் தேங்காயோடும் மீனோடும் பழக்கிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம்தான் பாரம்பரியம்.

யாழ்ப்பாணத்தில் இதை இன்னும் கூர்மையாகக் காணலாம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்று நீர், மாரியில் ஒருபோக நெல், எங்கும் பனை. அந்த ஊர்ச் சமையல் உலர்ந்த மாவை மையமாகக் கொண்டது. சிவப்புப் பச்சரிசியை இடித்து அரித்து வறுத்து வைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் இருக்கும். முந்தின இரவில் செய்யவேண்டியதை முந்தின வாரமே செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம். காலையில் கொதிநீர் விட்டுக் குழைத்து, கொத்திச் சிறு மணிகளாக்கி, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையில் இழைத்த நீற்றுப்பெட்டியில் இட்டு ஆவியில் வைத்தால் பிட்டு. அதே மாவை உரலில் பிழிந்தால் இடியப்பம், உடன் சொதியும் சம்பலும். பங்கீட்டுக் கடை வழியாகக் கோதுமை மா வந்து நிறைந்தபோது என்ன நடந்தது என்பதுதான் என் வாதத்துக்கு வேண்டியது. பச்சைக் கோதுமை மாவைக் குழைத்தால் இழுபட்டு ஒட்டும், பிட்டாக உதிராது. ஆகவே மாவைத் துணியில் கட்டி முதலில் ஆவியில் அவித்து, கட்டியை உடைத்து அரித்து, பிறகு அரிசிமாவைப்போலவே புழங்கினார்கள். வந்த கோதுமை ரொட்டியாக மட்டும் நிற்கவில்லை, பிட்டாகவும் ஆனது. செய்முறை கையில் இருந்தால் வந்த தானியமும் அந்த ஊர்க்காரனாகிவிடும். குரக்கன் பிட்டும், காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் பிட்டும் அதே கையிலிருந்து வந்தவைதான்.

அடுத்த மறுப்பு வலுவானது, நேர்மையாக எதிர்கொள்ளவேண்டியது. வட்டாரம் வட்டாரம் என்கிறீர்களே, ஒரே ஊரில் ஒரு தெருவில் நெய்ப்பொங்கலும் இன்னொரு தெருவில் கூழும் இருந்தனவே. இது வட்டார வேறுபாடா, சாதி வேறுபாடா? இரண்டும்தான். செட்டிநாட்டு வளவுகளின் வெள்ளைப் பணியாரமும், பர்மா தொடர்பால் வந்ததாகச் சொல்லப்படும் கவுனியரிசியும், அதே சிவகங்கைச் சீமையில் மானாவாரி நிலத்தில் உழைத்தவர் வீட்டில் இருந்ததில்லை. நிலம் வைத்திருந்தவருக்கும் அதில் உழைத்தவருக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்கிற எந்த உணவு வரலாறும் பொய். ஆனால் உழைத்தவர் கலயத்தை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்கள். தஞ்சையில் நீராகாரம், கரிசலில் கம்பு உருண்டை, தருமபுரியில் கேழ்வரகுக் கூழ், குமரியில் கிழங்கு. படிநிலை ஒன்றாக இருந்தும் உணவு ஒன்றாக இல்லை. குலம் நிலத்துக்கு விட்டுக்கொடுத்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாலக்காட்டை அடுத்த ராமசேரியில் இட்லி செய்யும் முதலியார் குடும்பங்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கின்றன. அவர்கள் செய்யும் இட்லி தட்டையானது. மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, ஒவ்வொன்றாக ஊற்றி அவிப்பது. குடலை இட்லியின் சாயல் அதில் குறைவு. வழிமரபு காஞ்சியைச் சொல்கிறது. பானை பாலக்காட்டைச் சொல்கிறது.

இந்த வேறுபாடுகள் எப்படி மங்கின? அணைகளிலிருந்து தொடங்கவேண்டும். 1934இல் மேட்டூர், 1955இல் பவானிசாகர். வாய்க்கால் போன இடமெல்லாம் கம்பங்கொல்லை நெல்லுக்கும் கரும்புக்கும் மஞ்சளுக்கும் இடம்விட்டது. 1960களில் அதிக விளைச்சல் தரும் நெல் ரகங்கள் வந்தன. பிறகு பங்கீட்டு அரிசி: 2008இல் கிலோ 1 ரூபாய், 2011 முதல் விலையில்லாமல். பசியை விரட்டிய திட்டம் அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூடவே கருவிகள். சாமை, வரகு, தினை இவற்றின் உமியை நீக்குவது கடும் உழைப்பு. நெல்லுக்கு ஊர்தோறும் அரவை ஆலை வந்தது, இவற்றுக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் உருவாகி வளர்ந்த மாவாட்டும் கிரைண்டர் உளுந்தையும் அரிசியையும் மின்சாரத்தில் ஆட்டித் தந்தது. ஆட்டுக்கல்லில் தோள் வலிக்க ஆட்டியவர், உரலருகே மாலையைத் தொலைத்தவர், எந்தத் தானியத்துக்கு எந்திரம் இருந்ததோ அதன் பக்கம் போனார். அது சரியான முடிவு. பழைய உணவைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பவர்கள் அந்த உலக்கையை யார் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பெண்களின் விடுதலையை எதிர்த்து வட்டார உணவைக் காக்க முடியாது; காக்கவும் கூடாது. ஆனால் இந்தத் தேர்வை நாக்கின் தேர்வாக எண்ணிக்கொள்வது தவறு. கேழ்வரகு மாவு இன்று கடையிலேயே கிடைக்கிறது. கம்பின் தோலை நீக்கிக் குருணையாக்கும் எந்திரங்களும் வந்துவிட்டன. வேலை குறைந்துவிட்டது, அந்தத் தானியத்துக்குப் பழகிய கைதான் இடையில் விடுபட்டுப்போனது.

உணவகங்களும் இந்த ஒருமையை நிலைநாட்டின. உடுப்பியிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் நடத்திய கடைகளில் இட்லி, தோசை, பொங்கல், வடை, உப்புமா என்று அமைந்த வரிசையே 'டிபன்' என்ற சொல்லின் பொருளாயிற்று. அந்த வரிசைக்கு வெளியே இருந்தவை வீட்டுக்குள்ளேயே நின்றன. வீட்டிலும் மெல்ல மெல்ல விருந்தாளி முன் வைக்கக் கூசும் உணவுகளாயின. கம்பங்கூழ் நகரத்துக்கு வந்தபோதும் வெயில்காலத் தள்ளுவண்டிக்குத்தான் வந்தது.

இந்த இடத்தில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பேசாமல் போக முடியாது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்காகத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுதும் விரிந்தது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரவேண்டியதில்லை என்று ஆக்கிய திட்டம் அது. அதன் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, அரிசி உப்புமா, கிச்சடி, பொங்கல், உடன் சாம்பார். குமரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். பெருந்திரளுக்கு விரைவாகச் சமைக்க ரவை எளிது, அளவு பிசகாது, கணக்கும் பிசகாது என்பது நியாயமான விடை. ஆனால் திட்டத்தின் அரசாணையிலேயே, வாரத்தில் 2 நாட்களாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சமைக்க முயலவேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருக்கிறது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் பங்கீட்டுக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் முயற்சியும் தொடங்கியது. ஆணை இருக்கிறது, தானியமும் கடைவரை வந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது கை. ஊர்ப் பள்ளிகளில் இந்த உணவைச் சமைப்பவர்கள் அதே ஊரின் மகளிர் குழுப் பெண்கள். தருமபுரியில் ஒரு பள்ளிக்குக் கேழ்வரகுப் புட்டு வேண்டுமென்றால் இரவு விழிக்கத் தேவையில்லை, உலக்கையும் தேவையில்லை. மாவை வாசம் வரும்வரை வறுத்து, உப்புக் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசிறவேண்டும். எவ்வளவு நீர் என்பதை எந்தச் சுற்றறிக்கையாலும் சொல்ல முடியாது. மாவுக்கு மாவு மாறும். பிசிறிய மாவைக் கைப்பிடியில் இறுக்கினால் பிடி நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அந்தப் பதம் தெரிந்தவர் ஊருக்கு இரண்டு பேராவது இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைச் சமையற்கூடத்துக்கு அழைத்து, இளையவர்கள் பக்கத்தில் நின்று ஒரு பிடி பிடித்துப் பார்த்தால் போதும். பிறகு இட்லிப் பானையிலேயே துணி விரித்து வேகவைக்கலாம். தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலந்து முதல் மணி அடிக்குமுன் பரிமாறிவிடலாம்.